முள் இருந்தால் முள்தான்

மலை மறித்த சூரியன்
ஜனவரி இருபத்தைந்தில்தான் எங்கள் தெருவுக்கு வரும்.
ஐஸ்லாந்தின் இந்தக் கோடி அப்படி.
பேனாக்கள் ஒன்பதாம் தேதியே வந்துவிட்டன,
பனிச்சரிவு மூடிய சாலையை வெட்டித் திறந்த மாலையில்,
ஒரு மூலை நனைந்த பெட்டியில், சுங்க ரசீதோடு.

அதுவரை எட்டு நாளும்
மீன் பெட்டிக்கு எண் போடும் பால்பாயிண்டை வைத்து
ஒப்பேற்றினேன்.
நாளுக்கு ஒரு சதுரம், உள்ளங்கை அகலம்,
மாதம் முழுக்க.
நூலகக் கதவில் ஒட்டியிருந்த சவால் இது.
அழிப்பான் கூடாது. அவசரம் கூடாது.
கடைசியில் சின்ன எழுத்தில்:
இங்கே தவறு என்று ஒன்றில்லை.

அந்த வரியோடுதான் எனக்குத் தகராறு.

விளக்கு மேசையில் காட் மீனின் சதையை விரித்து
முள் தேடுவது என் வேலை. பதினோரு வருடம்.
ஒன்று தப்பினால்
பெல்ஜியத்திலிருந்து கடிதம் வரும்,
தொகுதி எண்ணோடு, மேசை எண்ணோடு,
'ஸ்டெய்ன்வெர், கொஞ்சம் வா' என்ற குரலோடு.
தவறில்லையாம்.
முள் இருந்தால் முள்தான்.

புதுப் பேனாவை நல்ல தாளில் தொட மனம் வரவில்லை.
சுங்க ரசீதின் முதுகில் கீறிப் பார்த்தேன்.
மெல்லிய முனை பூனை நகமாய்ச் சுரண்டியது.
சாம்பல் நிறத் தூரிகைப் பேனா
கடன் வாங்கியவன் மாதிரி,
முதலில் தாராளம், பிறகு இழுபறி.
வெள்ளை ஜெல் எழுதியதா என்றே தெரியவில்லை.
ரசீதைச் சாய்த்து விளக்கில் பிடித்தேன்,
வேலைப் பழக்கம்.
இருந்தது. வரிசையாய்ச் செதில்கள்,
என் கை எனக்குச் சொல்லாமல் போட்டவை.
மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

எதிர் மேசை கிராஷினா, போலந்துக்காரி,
அவள் சதுரத்தில் எள் விழ இடமிருக்காது.
பதினேழாம் நாள், பழகாத கையால் வரையச் சொன்னார்கள்.
'என் இடது கைக்கு மூன்று வயது,
இன்னும் தூங்கவில்லை' என்று
நடுங்கும் ஏணியொன்றை நீட்டினாள்.

பத்தொன்பது: பேனாவை எடுக்காமல் ஒரே சுழல்.
ஏழாவது சுற்றில் தொலைபேசி.
கப்பல் முன்னதாகவே வந்துவிட்டது,
நாலு மணிக்கு வரவேண்டுமாம்.
'சரி, சரி' என்ற நேரத்துக்குள்
முனையின் கீழே
உளுந்தளவு கறுப்பு ஊறிவிட்டது.

அதைப் பூவாக்கவில்லை. கண்ணாக்கவில்லை.
தவறு என்று அதன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு
ஓர் அரிசி அகலம் தள்ளிப் போனேன்.
அடுத்த கோடும் அங்கே வந்ததும் தள்ளிப் போனது,
அதற்கடுத்ததும்,
ஆற்றுக்கு நடுவே ஒரு கல் கிடப்பது போல.
மனம் அடங்கியது என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
கெட்டிலில் தண்ணீர் வற்றியதை
மூக்குதான் முதலில் சொன்னது.
கட்டைவிரல் வலிக்கவில்லை.
அதை மறுநாள்தான் கவனித்தேன்.

இருபத்திரண்டு, இரட்டை ஷிஃப்ட்.
சதுரம் வெறுமையாகவே நின்றது.

இருபத்தைந்தில் மேகமில்லை.
உறையுடுப்போடு எல்லோரும் வெளியே ஓடினோம்.
ருபார்ப் ஜாம் தடவிய பான்கேக், காகிதக் கோப்பையில் காபி.
பனிச்சுவரில் மஞ்சளாய் ஒரு பட்டை ஏறி,
என் பூட்ஸைத் தொட்டு,
முழங்கால் வரை வந்தது.
கைக்குட்டை தேடியதில் ரசீது கீழே விழுந்தது.
கிராஷினா எடுத்து வெயிலில் திருப்பினாள்.
வெள்ளைச் செதில்கள் ஒவ்வொன்றாய் எழுந்தன.

'இது எந்த நாளுடையது?'
'நாளுடையது இல்லை. வெறும் ரசீது.'
ஜாம் விரல்களோடு
தன் பையிலிருந்த பால்பாயிண்டை எடுத்து
மூலையில் இருபத்திரண்டு என்று எழுதினாள்,
பெட்டிக்கு எண் போடுகிற அதே கையெழுத்தில்.
'ஏமாற்று வேலை' என்றேன். 'தவறு.'
'தவறுதான்' என்றாள். 'அழி பார்ப்போம்.'

மணி அடித்தது.
வெயில் அதற்குள் கூரை மேல் ஏறியிருந்தது.
ரசீதை மறுபடி மடித்தேன்,
இந்த முறை மடிப்பு செதிலின் மேல் விழாமல்.